பொறி வராத பதினோரு நாட்கள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் பேரன் ஒரு நான்கு சக்கர மோட்டாரை லாரியில் ஏற்றிவந்து வீட்டு வாசலில் இறக்கினான். செம்பனைக் காட்டுக்குள் உரமூட்டை ஏற்றிப் போகிறார்களே, அந்த வகை வண்டி. ஏ.டி.வி. என்று சொல்கிறார்கள். களைக்கொல்லி அடிக்கும் குத்தகை வேலைக்காக, பழையதாகப் பார்த்து மலிவு விலையில் வாங்கியிருந்தான். வாங்கிய மூன்றாம் வாரமே அது படுத்துவிட்டது.

"பாட்டி, பிளக்குல பொறியே வரல. சி.டி.ஐ. பெட்டி போயிருக்கும். போன்லயே ஆர்டர் பண்ணிட்டா ரெண்டு நாள்ல வந்துரும்" என்றான்.

"பெட்டி போயிருக்குன்னு யாருப்பா சொன்னது?"

"எல்லாரும் அதைத்தான் மாத்துறாங்க பாட்டி."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் பிறப்பதற்கு முன்னாலேயே இந்தப் பேச்சை நான் கேட்டிருக்கிறேன். கேட்டு ஏமாறவும் இருந்தேன். என் வீட்டுக் கொல்லைப்புறத்தில், தகரக் கொட்டகைக்குக் கீழே ஒரு பழைய ஹோண்டா எழுபது நிற்கிறது. பழைய இரும்பு வாங்குகிறவர் மாதம் தவறாமல் வந்து விலை கேட்கிறார். மாதம் தவறாமல் நான் இல்லை என்கிறேன். அதை ஏன் விற்க மனம் வரவில்லை என்பதைப் பேரனுக்கு அன்று சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

*

1986-ஆம் ஆண்டு. அப்போது பத்தாங் பெர்ஜுந்தை என்று சொன்ன ஊருக்கு, இப்போது பெஸ்தாரி ஜெயா என்கிறார்களே, அதற்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நான் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவர் எனக்கு விட்டுப்போனவை மூன்று: படிக்கிற ஒரு பெண், வயதான மாமியார், அந்த ஹோண்டா எழுபது. கொஞ்சம் கடனும் இருந்தது. அதை எண்ணிக்கையில் சேர்க்கவில்லை.

தோட்டத்தில் அந்த வண்டியைக் கப்சாய் என்போம். சின்ன வண்டிதான், எழுபத்திரண்டு சி.சி. ஆனால் லயத்தில் பாதி வீடுகளுக்கு அதுதான் பேருந்து, அதுதான் லாரி, பிரசவ வலி வந்தால் அதுதான் ஆம்புலன்சும். என் தம்பி திடலில் வைத்து எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தான். லைசென்ஸ் எடுத்தேன். "தாலி இறங்கினவளுக்கு மோட்டாரு கேக்குதா?" என்று மாரியம்மன் கோயில் வாசலிலேயே என் காதுபடப் பேசியவர்கள் உண்டு. நான் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு வேறு கவலை இருந்தது.

என் மகள் அந்த வருடம் மூன்றாம் பாரம். தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம், பிறகு புகுமுக வகுப்பில் ஒரு வருடம், அதற்குப் பிறகு டவுன் பள்ளியில் தட்டுத்தடுமாறி மூன்றாம் பாரத்துக்கு வந்துவிட்டாள். வருடக் கடைசியில் எஸ்.ஆர்.பி. பரீட்சை. அதில் தேறினால் நான்காம் பாரம், தவறினால் வெட்டுக்கத்தி. அன்றைக்குத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வாழ்க்கை இரண்டாகப் பிரிகிற இடம் அது.

கணக்கும் அறிவியலும் அவளுக்கு வரவில்லை. டவுனில் ஒரு வாத்தியார் வாரத்தில் மூன்று நாள் இரவு வகுப்பு வைத்தார். ஏழு மணிக்குத் தொடங்கி ஒன்பது மணிக்கு விடுவார். டவுன் எங்கள் லயத்திலிருந்து ஆறு கட்டை. அந்த நேரத்தில் பேருந்து கிடையாது. நான்தான் கொண்டுபோய் விடுவேன். அங்கேயே ஒரு கடை ஐந்தடியில் உட்கார்ந்திருந்து திரும்பக் கூட்டிவருவேன். அதிகாலை நாலரைக்கு எழுந்து பெரட்டுக்கு ஓடுகிறவளுக்கு அந்த இரண்டு மணி நேரக் காத்திருப்பு எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தூணில் சாய்ந்தபடியே தூங்கியிருக்கிறேன்.

ஆகஸ்டு மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, மழை தூறிக்கொண்டிருந்தது. வகுப்பு விட்டுத் திரும்பும்போது, தோட்டத்து மண்சாலைக்குள் திரும்பிய இடத்தில் வண்டி ஒரு முறை விக்கியது. அவ்வளவுதான், நின்றுவிட்டது. உதைத்தேன். உதைத்தேன். காலில் வலி வந்ததே தவிர வண்டிக்கு உயிர் வரவில்லை. இரண்டு கட்டை தூரம் இருட்டில், நான் கைப்பிடியைப் பிடிக்க, அவள் பின்னாலிருந்து தள்ள, வீடு வந்து சேர்ந்தோம்.

மழைத்தண்ணீர் இறங்கியிருக்கும், காய்ந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். இரண்டு நாள் வெயில் அடித்தது. வண்டி அசையவில்லை. பக்கத்து வீட்டுப் பையனை விட்டு டவுனில் ஒரு பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போகச் சொன்னேன். அந்தக் கடைக்காரர் பிளக்கைக் கழற்றி ஒரு உதை உதைத்துப் பார்த்துவிட்டு, "பொறி இல்லை. காயில் போயிருச்சு. உள்ளே மேக்னட்டும் போயிருக்கும். எல்லாம் மாத்தணும், நூத்தி எண்பது வெள்ளி" என்றாராம்.

நூற்றி எண்பது வெள்ளி! என் கையில் முப்பது வெள்ளி இருந்தது. மழை நாளில் மரம் வெட்டு கிடையாது. வெட்டு இல்லாத மாதம் சம்பளச் சீட்டைப் பார்க்கவே பயமாக இருக்கும். பையன் வண்டியைத் திரும்பத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டான்.

அந்த வாரம் மகள் வகுப்புக்குப் போகவில்லை. மாமியார் மெதுவாக ஆரம்பித்தார். "எதுக்கும்மா இந்த இழுபறி? வண்டியை வித்துப் போடு. பிள்ளையும் வளந்துட்டா. உன்னோட ஒரு நிரையில நின்னா ரெண்டு சம்பளம் வருமே." அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவர் பதிமூன்று வயதில் உளி பிடித்தவர். அவருக்குத் தெரிந்த வழி அதுதான்.

என்னை உலுக்கியது மகள் சொன்னது. அன்று இரவு சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே, "அம்மா, நான் நின்னுக்கிறேன்மா" என்றாள். நான் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காதுத் தோட்டைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு, அடகுக் கடைக்குப் போகப் பேருந்து நிற்கும் இடத்துக்கு நடந்தேன்.

*

தோட்டத்து முனையில் ஒரு மளிகைக் கடை உண்டு. அதன் திண்ணையில் எப்போதும் ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார். தோட்டத்து ரப்பர் ஸ்டோரில் முப்பது வருடம் இஞ்சின் டிரைவராக இருந்தவர். அந்தப் பெரிய டீசல் இஞ்சின் இருமினாலே எந்த இடத்தில் நோவு என்று சொல்லுவார் என்பார்கள். என் வீட்டுக்காரர் அவரைப் பெரியப்பா என்று கூப்பிடுவார். நானும் அப்படியே. இரண்டு கண்ணிலும் புரை விழுந்து, கையும் நடுங்கத் தொடங்கியிருந்தது அவருக்கு.

"எங்கே தாயி, வேலை நாளும் அதுவுமா டவுனுக்கு?"

சொன்னேன். கேட்டுவிட்டு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தோட்டை வெச்சுக் காயில் வாங்கப் போற, சரி. காயில்தான் போயிருக்குன்னு பாத்தது யாரு?"

"கடைக்காரர் சொன்னாரு பெரியப்பா."

"சொன்னாரு. பாத்தாரா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் தொடர்ந்தார். "அவரு மேல தப்பு சொல்லல. நாலு வண்டி வரிசையில நிக்கும். ஒவ்வொண்ணா நோண்டிப் பாக்க நேரம் இருக்காது. மொத்தமா மாத்திட்டா எதுவோ ஒண்ணு சரியாயிரும். ஆனா அந்தக் காசு உன்னோடது. உனக்குத்தான் நேரம் இருக்கணும். சாயந்தரம் வண்டியை என் வீட்டு வாசலுக்குத் தள்ளிட்டு வா. எனக்குக் கண்ணு இல்ல, கையும் நிக்கல. உன் கண்ணும் உன் கையும் இருக்கில்ல?"

பேருந்து வந்தது. நான் ஏறவில்லை.

*

முதல் நாள் மாலை, தொடுவதற்கு முன்னாலேயே பெரியவர் மூன்று கட்டளை போட்டார். ஒன்று, ஒரு நேரத்தில் ஒரு சாமானை மட்டும் தொட வேண்டும். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது குணமாக்கியது என்று தெரியாமல் போய்விடும். இரண்டு, பொறி வந்து சேர வேண்டிய இடத்தில் ஆரம்பித்து, அது பிறக்கிற இடம் நோக்கிப் பின்னோக்கிப் போக வேண்டும். மூன்று, காசு கேட்காத சோதனையை முதலில் செய்ய வேண்டும், காசு கேட்பதைக் கடைசியில்.

முதலில் பெட்ரோல். பிளக்கைக் கழற்றி முகர்ந்து பார்க்கச் சொன்னார். ஈரமாக இருந்தது, பெட்ரோல் வாடை அடித்தது. "அப்போ சோறு போகுது, அடுப்புதான் பத்தல" என்றார். அடுத்து, பிளக்கை அதன் தொப்பியில் செருகி, பிளக்கின் இரும்பு உடம்பு இஞ்சின் மீது நன்றாகப் படும்படி வைத்து, சாவியைத் திறந்து உதைக்க வேண்டும். பிளக் இருந்த துவாரத்துக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. அதிலிருந்து பெட்ரோல் ஆவி வரும், பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். கையால் பிளக்கின் இரும்பைப் பிடிக்கவும் கூடாது. தூக்கிவாரிப் போடும். உதைத்தேன். பிளக்கின் முனையில் ஒன்றும் இல்லை. கரி படிந்திருந்ததைப் பித்தளைத் தூரிகையால் தேய்த்துவிட்டு மறுபடி உதைத்தேன். இல்லை. பக்கத்து வீட்டு ஓடுகிற வண்டியின் பிளக்கை இரவல் வாங்கிப் போட்டுப் பார்த்தோம். இல்லை. பிளக் மீது குற்றம் இல்லை என்று முடிவானது.

இரண்டாம் நாள் தொப்பியும் பெரிய வயரும். பிளக் தொப்பி வயரில் திருகி இருக்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். தொப்பிக்குள் ஒரு சிறு தடை வைத்திருப்பார்களாம். அது எரிந்துபோனால் நல்ல காயிலும் ஊமையாகிவிடும். தொப்பியைத் திருகி எடுத்துவிட்டு, ரப்பர் கையுறையோடு வயரைப் பிடித்து, அதன் நுனியை இஞ்சினிலிருந்து ஒரு நெல்மணி தூரத்தில் வைத்து உதைத்தேன். பொறி தாவவில்லை. நுனி பச்சை பூத்திருக்கலாம் என்று அரை அங்குலம் நறுக்கிவிட்டு மறுபடி பார்த்தேன். அப்போதும் இல்லை.

"நல்லது. ரெண்டு கதவைச் சாத்திட்டோம்" என்றார் பெரியவர். எனக்கு அது நல்லதாகத் தோன்றவில்லை.

மூன்றாம் நாள்தான் பெரிய வேலை. இடது பக்க மூடியைக் கழற்றினால், வட்டமாகக் கனத்த மேக்னட் சக்கரம் தெரியும். அதில் ஜன்னல் போலத் துவாரங்கள். அதன் வழியே எட்டிப் பார்த்தால், இரண்டு சின்ன உலோகப் பொட்டுகள் ஒன்றை ஒன்று தொட்டுத் தொட்டு விலகும். அதற்குப் பாய்ண்ட் என்று பெயர். இந்தப் பொட்டுகளுக்கும் நெருப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். பெரியவர் எங்கள் லயத்துக் குழாயைக் காட்டினார்.

"தண்ணி வேகமா ஓடும்போது குழாயைப் பட்டுன்னு மூடினா என்ன ஆகும்?"

"தடார்னு அதிரும்."

"அதேதான். மேக்னட் சுத்தும்போது உள்ளே இருக்கிற கம்பிச்சுருள்ல மின்சாரம் ஓடுது. பாய்ண்ட் மூடியிருக்கிற வரைக்கும் அது பாட்டுக்கு ஓடும். உச்சமா ஓடுற நேரத்துல பாய்ண்ட் பட்டுன்னு விலகும். ஓட்டம் வெட்டுப்படும். அந்த அதிர்ச்சியிலதான் காயில் ஆயிரக்கணக்கான வோல்ட்டைத் தூக்கி பிளக்குக்கு அனுப்புது. ஓடினாலும் பொறி இல்ல, நின்னாலும் பொறி இல்ல. ஓடுறது சட்டுன்னு அறுபடணும்."

பாய்ண்டின் முகம் கறுத்துக் குழி விழுந்திருந்தது. நைசான உப்புத்தாளைச் சிறு துண்டாக மடித்து இடையில் விட்டுத் தேய்க்க வேண்டும். அதிகம் தேய்த்தால் பொட்டு தேய்ந்துவிடும், குறைவாகத் தேய்த்தால் கரி போகாது. என் கை தயங்கியது. "என்ன தாயி பயப்படுற? மரத்துக்குக் காயம் படாம பட்டையை மட்டும் சீவுற கை இது. தொரை வந்து பாத்தாலும் குத்தம் சொல்ல முடியாத வெட்டு உன் வெட்டு. இதுக்கா நடுங்குது?" என்றார். அந்த வார்த்தை எனக்குள் என்னவோ செய்தது. பதினெட்டு வருடமாக மரம் வெட்டுகிறேன். அது ஒரு திறமை என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை.

தேய்த்து முடித்து, பெட்ரோல் தொட்ட துணியால் துடைத்து, கடைசியாக ஒரு வெள்ளைத் தாளை இடையில் விட்டு உருவினேன். விரலின் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருந்தாலே பாய்ண்ட் வேலை செய்யாதாம். பிறகு இடைவெளி. சக்கரத்தை மெல்லச் சுற்றி, பொட்டுகள் அதிகம் விலகுகிற நிலையில் நிறுத்தி அளக்க வேண்டும். பெரியவரின் தகரப் பெட்டியில் மெல்லிய அளவுத் தகடுகள் இருந்தன. 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் என்பது இந்த வண்டியின் கணக்கு. சக்கரத்தில் எஃப் என்று ஒரு எழுத்து வெட்டியிருக்கும். அந்தக் கோடு இஞ்சினில் உள்ள குறிக்கு நேராக வரும்போது பாய்ண்ட் திறக்கத் தொடங்க வேண்டும். எல்லாம் சரியாக வைத்தேன். மகள் டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் அறிவியல் புத்தகத்தை வைத்து வாய்க்குள் படித்துக்கொண்டிருந்தாள்.

உதைத்தேன். பொறி இல்லை.

எனக்கு அப்போது அழுகை வந்துவிட்டது. கையெல்லாம் கரி. காலையில் வெட்டு, மதியம் களை, மாலையில் இது. தோட்டை வைத்திருந்தால் இந்நேரம் வண்டி ஓடியிருக்கும் என்று தோன்றியது. செத்துப்போனவர் மேல்கூடக் கோபம் வந்தது. பெரியவர் சமாதானம் சொல்லவில்லை. சிறிது நேரம் விட்டு, "பாய்ண்ட் விலகுற இடத்துல சின்னப் பொறி தெரிஞ்சுதா?" என்று கேட்டார்.

"இல்ல பெரியப்பா. அங்கேயும் ஒண்ணும் இல்ல."

"வெள்ளையா பெருசா தெறிச்சா கண்டென்சர் மேல சந்தேகப்படலாம். ஒண்ணுமே இல்லேன்னா, இந்த ஓட்டம் இங்கே வரவே இல்ல. இல்லாட்டி வந்தது அறுபடவே இல்ல. போய்த் தூங்கு. நாளைக்குப் பாப்போம்."

*

நான்காம் நாள். பிரிந்துபோன அந்த வெள்ளிக்கிழமை இரவிலிருந்து எண்ணினால் பதினோராவது நாள். பெரியவர் டார்ச் விளக்கைப் பிரித்து, பல்பையும் இரண்டு பேட்டரியையும் வயர் துண்டுகளால் இணைத்து ஒரு சோதனை விளக்கு செய்யச் சொன்னார். இஞ்சினிலிருந்து மேலே வரும் வயர்களை இணைப்பில் கழற்றிவிட்டு, பாய்ண்டுக்கு நடுவில் ஒரு தாளைச் செருகி, விளக்கின் ஒரு முனையை மேக்னட்டிலிருந்து வரும் கறுப்பு வயரிலும், மறு முனையை இஞ்சின் இரும்பிலும் தொட்டேன். பல்பு எரிந்தது. உள்ளே இருக்கிற கம்பிச்சுருள் அறுந்துபோகவில்லை என்பதற்கு அது சாட்சி. மேக்னட்டை மாற்ற வேண்டும் என்ற பேச்சு அங்கேயே அடிபட்டுப் போனது.

"இப்போ ஒண்ணு கேக்கிறேன். சாவியை மூடினா வண்டி எப்படி நிக்குது?"

"மின்சாரத்தை அறுத்துவிடும்."

"வீட்டு விளக்கு அப்படி. இந்த வண்டி அப்படி இல்ல. இதுல சாவியை மூடினா, ஒரு வயரு ஓட்டத்தைக் கொண்டுபோய் வண்டி உடம்போட சேத்துவிட்டுரும். பாய்ண்ட் திறந்தாலும் மூடினாலும் மின்சாரம் அந்தப் பக்கமா ஓடிக்கிட்டே இருக்கும். நீ இந்தக் குழாயை மூடுற, பின்கட்டுல ஒரு குழாய் திறந்தே கிடக்கு. அதிருமா?"

"அதிராது."

"அந்த வயரைக் கழட்டு. கறுப்புல வெள்ளைக் கோடு போட்டது."

மற்ற வயர்களைப் பழையபடி சேர்த்து, அதை மட்டும் கழற்றி விட்டேன். பிளக்கை இஞ்சின் மேல் வைத்தேன். டார்ச்சைத்தான் பிரித்துவிட்டோமே, சுற்றிலும் இருட்டு. உதைத்தேன்.

"அம்மா! நீலமா வந்துச்சு!" என்று கத்தினாள் என் மகள்.

மறுபடி உதைத்தேன். சட் என்ற சத்தத்தோடு, ஊசி நுனி போல, நீல நிறத்தில் ஒரு பொறி. பெரியவருக்கு அது தெரியவில்லை. ஆனால் சத்தம் கேட்டது. "ம்ம்" என்றார். அந்த ஒரு சொல்லில் முப்பது வருட இஞ்சின் அறை இருந்தது.

காயில் நல்லது. மேக்னட் நல்லது. எல்லாம் நல்லது. அப்படியானால் அந்தக் கறுப்பு வயர் எங்கே உடம்பைத் தொடுகிறது? சாவியைத் திறந்து வைத்துச் சோதனை விளக்கைப் பிடித்தேன். எரியக் கூடாது, எரிந்தது. கைப்பிடியைத் திருப்பினால் மினுக்கியது. வயரைக் கையால் தடவிக்கொண்டே போனேன். வண்டியின் தகரத் துவாரத்துக்குள் வயர்க் கட்டு நுழைகிற இடத்தில், விளிம்பு அறுத்து, மேல்தோல் உரிந்து, செம்பு வெளியே தெரிந்தது. மழையும் ஆட்டமும் சேர்ந்து, அன்றிரவு அது முழுசாக ஒட்டிக்கொண்டுவிட்டது.

அந்த இடத்தில் இன்னொன்றும் இருந்தது. சைக்கிள் டியூபிலிருந்து நறுக்கிய ஒரு ரப்பர்ப் பட்டை, மக்கிப் பிசுபிசுத்துக் கிடந்தது. அதன் முடிச்சு மட்டும் அவிழாமல் இருந்தது. அவரைப் பந்தலுக்குக் கயிறு கட்டும்போது என் வீட்டுக்காரர் போடுகிற இரட்டைச் சுற்று முடிச்சு அது. லயத்தில் வேறு யாரும் அப்படிக் கட்ட மாட்டார்கள். விளிம்பு அறுக்கும் என்று அவர் எப்போதோ கண்டுபிடித்து, காவல் கட்டியிருக்கிறார். என்னிடம் சொல்ல அவருக்குத் தோன்றியிருக்காது. நான் கேட்டிருக்கவும் மாட்டேன். நேற்று இரவு அவரைத் திட்டியது நினைவுக்கு வந்தது. பெரியவரிடம் ஒன்றும் சொல்லாமல், அந்தப் பட்டையை அவிழ்த்துத் தோடு முடிந்திருந்த முந்தானையிலேயே முடிந்துகொண்டேன்.

ஒரு சுருள் கறுப்பு டேப். மளிகைக் கடையில் ஒரு வெள்ளி கொடுத்து மீதி வாங்கினேன். உரிந்த இடத்தில் இரண்டு சுற்று, விளிம்புக்கு ஒரு புதிய டியூப் பட்டை. மூன்றாவது உதையில் வண்டி எழுந்தது. அந்தச் சத்தம் கேட்டு மாமியார் வாசலுக்கு வந்து நின்றார். வண்டியைப் பார்த்தார், என் கரிக் கையைப் பார்த்தார். "சீக்கிரம் கை கழுவிட்டுச் சாப்பிடுங்க ரெண்டு பேரும். நேரத்தோட கிளம்பணுமில்ல" என்றார். அன்று வகுப்பு நாள். நாங்கள் தாமதமாகப் போனோம், ஆனாலும் போனோம்.

*

என் மகள் அந்த வருடம் தேறினாள். கணக்கில் அவளுக்கு வந்தது சுமாரான மதிப்பெண்தான். ஆனால் நான்காம் பாரத்துக்கு அது போதுமானதாக இருந்தது. பிறகு தாதிப் பயிற்சிக்குப் போனாள். அந்தத் தோட்டம் பின்னாளில் வீடமைப்புக்குப் போய்விட்டது. லயம் இருந்த இடத்தில் இப்போது வரிசை வீடுகள். பெரியவர் அதற்கெல்லாம் முன்பே போய்விட்டார். நாங்கள் வெளியேறும்வரை, வண்டி ஓடாத பெண்கள் முதலில் என் வாசலுக்கு வருவது வழக்கமாகிவிட்டது. சிலவற்றைச் சரி செய்திருக்கிறேன். சிலவற்றுக்கு உண்மையாகவே காயில்தான் போயிருந்தது. அப்போதும், கடைக்குப் போய் "காயில் மட்டும் கொடுங்கள்" என்று தலைநிமிர்ந்து கேட்க முடிந்தது.

சகோதரிகளே, இப்போது வருகிற வண்டிகளில் பாய்ண்ட் இல்லை. அந்த வேலையை மின்னணுப் பெட்டி செய்கிறது. ஆனால் பிளக், தொப்பி, வயர், சாவி, சுவிட்ச் எல்லாம் இன்னும் இருக்கின்றன. பெரியவரின் வரிசையும் இன்னும் செல்லும். எதையும் மாற்றுவதற்கு முன், "பார்த்தீர்களா, இல்லை சொல்கிறீர்களா?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வி மோட்டாருக்கு மட்டும் அல்ல. பிள்ளைக்குப் படிப்பு வராது என்று யாராவது சொன்னாலும் அதையே கேளுங்கள்.

பேரனின் ஏ.டி.வி. கதையை முடித்துவிடுகிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். சுவிட்சுக்குப் போகும் வயரைக் கழற்றச் சொன்னேன். கழற்றினான், பொறி வரவில்லை. என் முகம் சுருங்கிப்போனது. ஆனால் அவன் விடவில்லை. போனைக் கீழே வைத்துவிட்டு, மீட்டரை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வயராகப் பின்னோக்கிப் போனான். இஞ்சினுக்குள்ளிருந்து பெட்டிக்குச் செய்தி சொல்கிற பிக்கப் காயில் என்று ஒன்று இருக்கிறதாம். அதன் வயரை எலி கடித்து வைத்திருந்தது. செம்பனைக் காட்டு எலிக்குப் பசிக்குக் கேட்பானேன்! ஒரு சாண் வயர் வைத்து ஒட்டினான். பெட்டி நன்றாகத்தான் இருந்தது.

"பாட்டி, டேப் ரெண்டு சுத்து போதுமா?" என்று கேட்டான்.

"மூணு சுத்து. மேல ஒரு டியூப் பட்டையும் கட்டு" என்று சொல்லி, முடிச்சு போடும் விதத்தைக் காட்டிக்கொடுத்தேன். இரட்டைச் சுற்று முடிச்சு.

இரும்புக்காரர் அடுத்த மாதமும் வருவார். வரட்டும்.